காயடிப்பு முற்றுப்பெறாத குதிரை (திருவண்ணாமலை வட்டாரம்)

ஆண்குதிரையின் இரண்டு விதைகளில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வயிற்றுக்குள்ளோ தொடையிடுக்கிலோ தங்கவிட்டால் அது காயடிப்பு முற்றுப்பெறாத குதிரை. வெளியே தழும்பு இருக்கும், விதைப்பை வெறுமையாக இருக்கும். உள்ளே தங்கிய விதையோ ஆண்மைச் சுரப்பைத் தொடர்ந்து சுரந்துகொண்டிருக்கும். பெட்டையைக் கண்டால் கனைப்பதும், பிற குதிரைகள் மேல் பாய்வதும், கடிவாளம் பிடித்தவரைக் கடிப்பதும் அதன் விளைவுகள். இத்தகைய குதிரையை என்ன செய்வது என்ற கேள்விக்கு விற்றுவிடு, அடித்து வழிக்குக் கொண்டுவா, பொலிக்கு விடு என்று மூன்று விடைகள் வழக்கில் உள்ளன. மூன்றும் தவறு. முதலில் சோதனை, பிறகு மீதி அறுவை என்பதே சரியான வரிசை.

திருவண்ணாமலைக்கும் குதிரைக்கும் உள்ள உறவு நீண்டது. 14ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் இவ்வூரில் இருந்து ஆண்டான். கோயிலின் வல்லாள மகாராஜன் கோபுரம் இன்றும் அவன் பெயரைச் சொல்கிறது. அக்காலத் தென்னாட்டு அரசுகள் குதிரைக்குக் கடலையே நம்பியிருந்தன. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். பாண்டிய மன்னன் ஆண்டுக்கு 2,000-க்கு மேல் குதிரை வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்றும், குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்களே இந்நாட்டுக்கு வரவிடவில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதிவைத்தார். இராஜகோபுரப் பணியைத் தொடங்கிய கிருஷ்ணதேவராயர் ஆண்டுக்கு 13,000 குதிரைகள் வாங்கியதாகப் போர்த்துக்கீசியரான நூனிஸ் குறிக்கிறார். 1767 செப்டம்பரில் ஹைதர் அலி, நிசாம் ஆகியோரின் கூட்டுப்படை கர்னல் ஸ்மித்தின் கும்பினிப் படையை எதிர்த்ததும் இவ்வூர்ப் புறத்தில்தான். கார்த்திகைத் தீபப் பெருவிழாவின் எட்டாம் நாளில் சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளுகிறார். விழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குக் குதிரைகளும் வருகின்றன. இவ்வூரில் திருவெம்பாவை பாடியதாகக் கருதப்படும் மாணிக்கவாசகரின் வரலாற்றில், பகலில் பரியாக நின்றவை இரவில் நரியாக மாறின. பகலில் சாதுவாகத் தெரிந்து, லாயத்தில் பெட்டைக்குப் பக்கத்தில் கட்டிய பிறகு குணம் காட்டும் குதிரையை வாங்கியவர்க்கு அந்தக் கதையின் பொருள் நன்றாகவே விளங்கும்.

இவ்வளவு நீண்ட உறவு இருந்தும் காயடிப்பில் தமிழ்நாட்டுக் கைத்திறன் வளர்ந்தது குதிரையிடம் அல்ல, உழவு மாட்டிடம். காளைக்கு விதைகள் வெளியே தொங்கும். நரம்பை நசுக்கினால் வேலை முடிந்தது. குதிரையின் உடலமைப்பு வேறு. பதினொரு மாதச் சினையின் கடைசி 30 நாளுக்கும் பிறந்த முதல் 10 நாளுக்கும் இடையில் குட்டியின் விதைகள் வயிற்றிலிருந்து இறங்கவேண்டும். சில குட்டிகளுக்கு ஒன்று இறங்குவதில்லை. இடப்பக்கத்தது தங்கினால் பெரும்பாலும் வயிற்றுக்குள்ளேயே நின்றுவிடும். காயடிக்க வந்தவர் கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்துவிட்டு, மற்றதைத் தேடாமல் போனால் பழுது அங்கேயே தொடங்குகிறது. விதையோடு ஒட்டிய விந்துநாளச் சுருளை மட்டும் வெட்டி, அதையே விதை என்று நம்பிவிடுவதும் உண்டு. வாங்குபவரோ நெற்றிச் சுழியும் கழுத்துச் சுழியும் பார்ப்பார், பல்லைப் பிடித்து வயது பார்ப்பார். எடுத்தது ஒன்றா இரண்டா என்று கேட்பதில்லை.

விந்துநாளச் சுருளில் கொஞ்சம் மிஞ்சினாலே குதிரை முரடாகும் என்று குதிரைக்காரர்கள் பலர் நம்புகிறார்கள். அது உண்மையல்ல, அந்தச் சுருளுக்கு ஆண்மைச் சுரப்பைச் சுரக்கும் ஆற்றல் கிடையாது. சரியாகக் காயடித்த குதிரையும் முரடாக இருக்கலாம். 1985-ல் வெளியான கலிபோர்னியா ஆய்வு ஒன்றில், பருவத்துக்கு முன்பே காயடித்த குதிரைகளிலும் 20 முதல் 30 விழுக்காடு ஆண்குதிரை நடத்தையைக் காட்டின. ஆகவே குணத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது; இரத்தம்தான் சாட்சி. விதையைச் சுரக்கத் தூண்டும் கருவக ஊக்கி (hCG) ஊசி போடுமுன் ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் இரத்தம் எடுத்து, ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறதா என்று பார்க்கலாம். மூன்று வயதைத் தாண்டிய குதிரைக்கு எஸ்ட்ரோன் சல்பேட் அளவும் உதவும். விதை இருந்தால் மட்டுமே தென்படும் முல்லேரியன் எதிர்ப்புச் சுரப்பை ஒரே இரத்த மாதிரியில் கண்டுவிடலாம்.

சோதனையில் விதை இருப்பது உறுதியானால் அதை எடுத்துவிட வேண்டும். அறுவைச் செலவு குதிரையின் விலையைத் தொட்டுவிடும் என்ற மறுப்புக்கு இடமுண்டுதான். ஆனால் அந்தக் குதிரையால் ஒரு கை முறிந்தால் ஆகும் செலவை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அறுத்த பிறகும் பழகிய குணம் போகாது என்பது இன்னொரு மறுப்பு. அதில் பாதி உண்மை உண்டு. சுரப்பு சில நாளில் அடங்கினாலும் பழக்கம் அடங்க வாரங்கள், மாதங்கள் ஆகும். சிலவற்றுக்குக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்த மிச்சத்தைப் பொறுமையான பயிற்சியால் தணிக்கலாம். சுரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது பயிற்சி பலிக்காது, அடி நிச்சயமாகப் பலிக்காது. பொலிக்கு விடுவதும் கேடு: இறங்கிய விதையை இழந்த குதிரை பெரும்பாலும் சினைப்படுத்தாது, தப்பித்தவறிச் சினைப்படுத்தினாலும் இக்குறை வழிவழியாக வரக்கூடியது என்பதால் குட்டிகளுக்கும் இதே துன்பம் சேரும். குறையைச் சொல்லாமல் சந்தையில் தள்ளிவிடுவதோ, ஆபத்தை விவரமறியாத ஒருவரின் வீட்டுக்கு அனுப்புவதாகும். வயிற்றுக்குள் தங்கிய விதையில் கட்டி வளரவும் வாய்ப்பு உண்டு. மீதி விதையை எடுக்கும் அறுவையை மயக்க மருந்தில்லாமல் கட்டிப்போட்டுச் செய்வது கொடுமை. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி கால்நடை மருத்துவம் பதிவு பெற்ற மருத்துவரின் பணி. சிறு பணிகளுக்கு அச்சட்டம் தரும் விலக்கை வயிற்றைத் திறந்து விதை தேடும் அறுவைக்கு நீட்ட முடியாது. 1903-ல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை, பெரிய கால்நடைகளைக் கொண்டுபோய்க் காட்டக்கூடிய இடம்.

இன்று குதிரைகள் குறைந்துவருகின்றன: 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 3.4 இலட்சம், முந்தைய கணக்கெடுப்பைவிட 45.6 விழுக்காடு குறைவு. எண்ணிக்கை குறைந்தாலும், தீபச் சந்தையில் காயடித்த குதிரை வாங்குவோர், இரண்டு விதைகளும் எடுக்கப்பட்டன என்று மருத்துவர் கையொப்பமிட்ட சீட்டைக் கேட்டு வாங்கவேண்டும். சீட்டு இல்லையென்றால், பணம் கொடுக்கும் முன் இரத்தச் சோதனை செய்துகொள்ளவேண்டும்.