சிதம்பரத்துக் கரையானும் ஜியோசிட்டீஸும்

அப்பர் நம்ம கடலூர் மாவட்டத்துத் திருவாமூர்க்காரர். அவர், சம்பந்தர், சுந்தரர் மூணு பேரோட தேவார ஏடுகளும் சிதம்பரம் கோயில்ல ஓர் அறைக்குள்ள பூட்டிக் கிடந்ததாம். பாடினவங்களே நேர்ல வந்தாத்தான் திறப்போம்னு தீட்சிதர்கள் சொல்ல, சோழ மன்னன் மூவரோட திருவுருவங்களையே ஊர்வலமா கொண்டுவந்து நிறுத்தினான். கதவு திறந்தா, உள்ளே ஏடுகளை மூடி கரையான் புற்று! எண்ணெய் ஊற்றி எடுத்து, மிஞ்சினதை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். இது திருமுறைகண்ட புராணம் சொல்லும் கதை.

புராணமோ வரலாறோ, சிக்கல் நமக்குப் பழகினதுதான். பிரதி ஒரே இடத்துல, சாவி வேற ஆள் கையில.

யாஹூ 1999ல் வாங்கிய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர் 26ல் மூடப்பட்டது. ஏப்ரல்லயே சொல்லிட்டாங்க. பிரதி எடுக்காதவங்க பக்கங்கள்ல, ஆர்வலர்கள் அள்ளிவச்சது மட்டும்தான் மிச்சம். அதே தேவாரம் இன்னிக்கு, 1998 பொங்கலன்னிக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துல இருக்கு. யார் வேணும்னாலும் இறக்கி வச்சுக்கலாம். இனி ஒரு புற்று போதாது :-)

ஹோஸ்டிங் மாத்தறவங்க கவனிக்க: கோப்புகளோட தரவுத்தளத்தையும் இறக்குங்க. புது இடத்துல யுடிஎஃப்-8 இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா தமிழ் மொத்தமும் கேள்விக்குறி ஆகிடும். டொமைனைத் திருப்பின பிறகும் பழைய கணக்கைச் சில நாள் விட்டுவைங்க, எல்லாருக்கும் புது விலாசம் போய்ச்சேர நேரமாகும். முக்கியமா, டொமைன் உங்க பேர்லயே இருக்கட்டும்.

பாடினவங்களையே சாட்சிக்குக் கூப்பிட்ட கதை அது. உங்க பதிவோட சாவி யார்கிட்ட இருக்கு மக்களே?