எஸ்டேட்டும் கூடாரமும்

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) வெறும் சிரிப்புப் படமாக எனக்குப் படவில்லை. அதில் எஸ்டேட் பிழைப்பை உதறிப் படமெடுக்கக் கிளம்புகிற செல்லப்பா, முதலாளியின் மகன். (பணம் கேட்பதும் அப்பாவிடம்தான்.) வேலை பறிபோன அசோக்கோ முதலாளி வீட்டெதிரே கூடாரமடித்து வேலையைத் திரும்பக் கேட்கிறான். விட்டுப்போவது சொத்துள்ளவனுக்கு வாய்ப்பது. நாகேஷும் பாலையாவும் சிரிக்கவைக்கிற வேகத்தில் இது கண்ணில் படுவதில்லை.

மைக் ஜட்ஜின் 'ஆபீஸ் ஸ்பேஸ்' (1999) நாயகன் அலுவலகம் எரிந்தபின் கட்டட வேலைக்குப் போய் நிம்மதி காண்கிறான். அமெரிக்க நிம்மதி.

பொன்னேரியில் ரயிலேறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு அசோக்கின் கூடாரம் புரியும். ஆனால் அதை எந்த வாசலில் அடிப்பான்? வேலை வாங்குவது கம்பெனி; சம்பளம் தருவது ஒப்பந்தக்காரர்.