மூன்றாவது பம்ப்

பழைய பெட்ரோல் வண்டிகளோடு மல்லுக்கட்டும் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளிடம் 'ஏசி பம்ப்' என்றொரு சொல் உண்டு. குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாறுதிசை மின்சாரத்துக்கும் இல்லை. சொல்லப்போனால் அது கரண்டே இல்லாமல் ஓடுகிற பம்ப். ஏசி என்பது ஆல்பர்ட் சாம்பியன் என்பவரின் பெயர்ச் சுருக்கம். பிரான்சில் பிறந்த சைக்கிள் பந்தயக்காரர் அவர். 1899-இல் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் முதலாவதாக வந்தார். பிறகு அமெரிக்கா போய், மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட் நகரில் ஸ்பார்க் பிளக் செய்யும் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1920களின் பிற்பகுதியில் அந்த நிறுவனம் ஒரு பெட்ரோல் பம்ப்பையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாம்பியன் 1927-இல் இறந்துபோனார். அவருடைய தலைப்பெழுத்து மட்டும் ஆட்டோமொபைல் பாடப் புத்தகங்களில் ஏறிக்கொண்டு நம் பட்டறைகள் வரை வந்துவிட்டது.

அதே புத்தகங்களில் ஏசி பம்ப்புக்குத் துணையாக எஸ்.யு. எலெக்ட்ரிக் பம்ப்பின் படமும் இருக்கும். முதலாவது எஞ்சினின் சுழற்சியில் ஓடுவது, இரண்டாவது பேட்டரியில் ஓடுவது. பழைய கார்புரேட்டர் பிக்கப் ஒன்றை வைத்துக்கொண்டு, முதலாவதைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டாவது வகையை மாட்டி, அதுவும் போய், இன்னொன்றும் போய், மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிற ஆட்கள் அமெரிக்காவில் இன்றும் ஏராளம். அவர்கள் குழப்பத்துக்கு விடை தேடினால் பம்ப்பே இல்லாத காலத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி வண்டியில் பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறந்து, குச்சியை விட்டுத்தான் அளவு பார்க்கவேண்டும். மாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவது போல, டேங்க்கிலிருந்து தாழ்வான கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தானாக இறங்கும். சமதளத்தில் பழுதில்லாத ஏற்பாடு. செங்குத்தான மேட்டில் வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டதும் டேங்க் தாழ்ந்துவிடும், கார்புரேட்டர் உயர்ந்துவிடும். எஞ்சின் வறண்டு நிற்கும். அதனால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினார்கள். ரிவர்ஸுக்கு இழுவையும் அதிகம் என்பதால் அது இரட்டை லாபம். ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்ற மாடல், மேடு வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு ஏறியது.

டேங்க்கைப் பின்பக்கம் தாழ்வாக வைத்துவிட்டு, பெட்ரோலை மேலே இழுப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை சொன்னவரும் ஒரு பந்தயக்காரர்தான். 'விசிலிங் பில்லி' என்ற நீராவிக் காரை ஓட்டிப் பெயர் பெற்ற வெப் ஜே, 1905-இல் பந்தயத்தில் படுகாயமடைந்து ஓட்டுவதை விட்டார். பின்னாளில் அவர் உருவாக்கிய வாக்குவம் டேங்க்கை ஸ்டூவர்ட் நிறுவனம் விற்றது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடமே பின்னாலிருந்து பெட்ரோலை இழுத்து, பானெட்டுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பாத்திரத்தில் நிரப்பும். அங்கிருந்து பழையபடி இறக்கம்தான். இதன் பலவீனம் அதே மேட்டில்தான் வெளிப்பட்டது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் வெற்றிடம் குறைந்துவிடும். அப்புறம் அந்தச் சின்னப் பாத்திரத்தில் மிச்சமிருக்கும் வரைதான் ஏற்றம். நடுமேட்டில் காலைச் சற்று எடுத்து, வண்டியை மூச்சு வாங்கவிட்டு மறுபடி மிதிக்க ஓட்டுநர்கள் பழகிக்கொண்டார்கள்.

ஏசி பம்ப் இந்தக் கெஞ்சலை ஒழித்தது. கேம் ஷாஃப்ட் சுழலும்போது ஒரு நெம்புகோல் அசையும். அது ஒரு டயஃப்ரமை இழுக்கும். ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். எஞ்சின் ஓடினால் பம்ப் ஓடும், எஞ்சின் நின்றால் நிற்கும். கார்புரேட்டர் நிரம்பிவிட்டால் டயஃப்ரம் சும்மா இருக்கும். பல பம்ப்புகளில் அடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணமும் இருந்தது. தண்ணீரும் துருத்தூளும் அதில் படியும். பார்த்ததுமே டேங்க்கின் உடல்நிலை தெரிந்துவிடும். இவ்வளவு எளிய நோய்காட்டி பிற்கால வண்டிகளில் இல்லாமல் போனது நிச்சயமாக ஒரு நஷ்டம்.

ஆனால் பம்ப் இருந்த இடம் எஞ்சினின் மேனி. 1932-இல் வந்த ஃபோர்டு வி8 எஞ்சினில் அது உச்சந்தலையிலேயே உட்கார்ந்திருந்தது. பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, பம்ப் இழுக்கிற பக்கத்துக் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். குழாயில் ஆவி அடைத்துக்கொள்ள, டயஃப்ரம் ஆவியை அமுக்கி விரித்துக்கொண்டிருக்குமே தவிர பெட்ரோல் நகராது. இதுதான் வேப்பர் லாக். அமெரிக்கர்கள் பெட்ரோல் குழாய் நெடுகத் துணி உலர்த்தும் மரக் கிளிப்புகளை மாட்டிப் பார்த்தார்கள். நம் ஊரில் மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளில் பிரீமியர் பத்மினியின் பம்ப் மேல் ஈரத்துணி போட்டார்கள். ஈரத்துணியில் விஞ்ஞானம் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கிளிப் விஷயத்தில், அதை மாட்டி முடிக்கும்வரை வண்டி ஓய்ந்து நின்றதுதான் குணப்படுத்தியிருக்க வேண்டும். பெயர் கிளிப்புக்குப் போய்விட்டது.

பெட்ரோலை இழுக்காதே, தள்ளு என்பதுதான் மின்சாரப் பம்ப்பின் வாதம். டேங்க்குக்குப் பக்கத்தில், தாழ்வாக, எஞ்சின் சூடு எட்டாத இடத்தில் அதை வைக்கலாம். குழாய் முழுவதும் அழுத்தத்தில் இருப்பதால் ஆவி சுலபத்தில் உருவாகாது. இங்கிலாந்தில் இதைப் பரவலாக்கியது எஸ்.யு. நிறுவனம். ஸ்கின்னர் சகோதரர்களின் கூட்டு என்பதுதான் பெயரின் பொருள். லில்லி அண்ட் ஸ்கின்னர் என்ற காலணிக் கடைக் குடும்பத்துப் பிள்ளைகள். மின்காந்தம் டயஃப்ரமை இழுக்கும். இழுத்து முடிந்ததும் உள்ளே இருக்கும் பாயின்ட் பிரிந்து கரண்ட் அறுபடும். ஸ்பிரிங் பெட்ரோலைத் தள்ளும். பாயின்ட் மறுபடி சேரும். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று கேட்கும், கார்புரேட்டர் நிரம்பியதும் அடங்கும். தீப்பொறியில் பாயின்ட் கருகினால் சத்தமே வராது. அப்போது மோரிஸ், எம்ஜி கார்க்காரர்கள் செய்த வைத்தியம், பம்ப்பைத் தட்டுவது. சுத்தியல் இல்லாதவர்கள் காலில் கிடந்ததைக் கழற்றினார்கள். ஸ்கின்னர் குடும்பத்தின் இரண்டு தொழிலும் சாலையோரத்தில் சந்தித்துக்கொண்ட தருணம் அது.

அமெரிக்கக் கம்பெனிகள் அவசரப்படவில்லை. மலிவான ஏசி வகைப் பம்ப் இருக்கும்போது அவசியமும் இல்லை. 1969 பியூக் ரிவியேராவில் மின்சாரப் பம்ப் டேங்க்குக்குள்ளேயே போனது. 1971-இல் ஷெவர்லே வேகாவிலும் அப்படியே. இரண்டும் கார்புரேட்டர் வண்டிகள்தான். வேகாவில் எஞ்சின் ஆயில் அழுத்தம் விழுந்தால் பம்ப்புக்குக் கரண்ட் நின்றுவிடும்படி ஒரு சுவிட்ச் வைத்தார்கள். மின்சாரப் பம்ப்புக்கு எஞ்சின் நின்றது தெரியாது. விபத்தில் குழாய் அறுந்தாலும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். கடையில் பம்ப் வாங்கி வீட்டில் மாட்டுகிற ஆள் முதலில் விட்டுவிடுவது இந்த சுவிட்சைத்தான்.

இனி அந்த மூன்றாவது பம்ப். கேம் தேய்ந்தோ, டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்தோ பழைய பம்ப் ஓய்வு பெறுகிறது. புதிய மின்சாரப் பம்ப்பைப் பழைய பம்ப்பின் இடத்திலேயே, பானெட்டுக்குள், கைக்கு வசதியாக மாட்டிவிடுகிறார்கள். தள்ளுவதற்காகப் பிறந்த பம்ப்பை 10 அடி தூரத்திலிருந்து இழுக்கச் சொல்கிறோம். மோட்டார் வகைப் பம்ப்புக்குள் பாயும் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சியும் உயவும். சரியாக வந்து சேராவிட்டால் அது தன்னையே தின்னும்.

அடுத்தது டேங்க். பாதி காலியாகவே பல வருஷம் நின்ற டேங்க்கின் உள்சுவரில் துரு பிடித்திருக்கும். பழைய டயஃப்ரம் கொஞ்சம் துருத்தூளை விழுங்கிச் சமாளிக்கும். இடைவெளி நெருக்கமான மின்சாரப் பம்ப்பால் முடியாது. ஃபில்டரை கார்புரேட்டர் பக்கத்தில் வைத்தால் கார்புரேட்டர்தான் பிழைக்கும், பம்ப் அல்ல. அது பம்ப்புக்கு முன்னாலும் வேண்டும்.

இதில் வேடிக்கையான குற்றவாளி டேங்க் மூடி. பழைய டேங்க்குகள் மூடியில் இருக்கும் துளை வழியாகத்தான் காற்றை உள்ளே வாங்கின. பெட்ரோல் ஆவி வெளியேறக் கூடாது என்ற விதி 1970-இல் கலிஃபோர்னியாவிலும் 1971-இல் அமெரிக்கா முழுவதும் வந்தபின் மூடிகள் அடைபட்டன. காற்றுக்கு வேறு வழி செய்தார்கள். அளவு ஒன்றாக இருக்கிறதே என்று 1960களின் பிக்கப்பில் புது மூடியைப் போட்டால் என்ன ஆகும்? கொஞ்ச தூரம் நன்றாக ஓடும். பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள் வெற்றிடம் ஏறும். பம்ப் அதோடு மல்லுக்கட்டித் தோற்கும். ஓரமாக நிறுத்தி அரை மணி காத்திருந்தால் காற்று கசிந்து உள்ளே போய்விடும், வண்டி எடுத்துக்கொள்ளும். பம்ப் சூடேறி நின்றது, ஆறியதும் ஓடியது என்று தீர்ப்பு எழுதி அடுத்த பம்ப்புக்குப் பணம் கட்டுவார்கள். நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்திருந்தால் 'உஸ்' என்ற சத்தம் உண்மையைச் சொல்லியிருக்கும்.

கரண்ட் சமாசாரமும் இப்படித்தான். பல பத்தாண்டு பழைய ஒயர், தேய்ந்த இக்னிஷன் சுவிட்ச், பெயின்ட் மேலேயே முடுக்கிய எர்த். பேட்டரியில் 12 வோல்ட் இருந்தாலும் பம்ப்புக்குப் போய்ச் சேர்வது 9 அல்லது 10-ஆக இருக்கலாம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முனையில் மீட்டரை வைத்துப் பார்க்கவேண்டும். கழற்றிய ஒயரின் நுனியில் பார்த்தால் அது எப்போதும் 12 என்றுதான் பொய் சொல்லும். தனி ரிலே போட்டு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தால் பாதி வழக்கு முடிந்துவிடும்.

எத்தனால் இதில் கடைசியாக வந்து சேர்ந்தது. அது பழைய ரப்பரை ஊறவைக்கும், டேங்க்கில் படிந்த பிசினைக் கரைத்துக் கிளப்பும், ஈரத்தை இழுக்கும். வெளியே புதிது போலிருக்கும் ஹோஸ் உள்ளே வீங்கிப் பாதையை அடைத்திருக்கும். இந்தியாவில் 2022-இல் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டு, 2023-இல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. பத்மினியைப் பாதுகாத்து வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கவலை வந்துவிட்டது.

எதிர்த் திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. ஓடமாட்டேன் என்கிற பம்ப்பின் மேல் வெறுத்துப்போய், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப்பைக் கொண்டுவந்து மாட்டுவது. அமெரிக்க கார்புரேட்டர்களுக்குப் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 4 முதல் 7 பவுண்டு அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷன் பம்ப் பெரும்பாலும் 40 பவுண்டுக்கு மேல் தள்ளும். ஃப்ளோட்டும் நீடில் வால்வும் அதன்முன் நிற்க முடியாது. பெட்ரோல் பொங்கி, சூடான மேனிஃபோல்டின் மேல் வழியும்.

அமெரிக்காவில் புதிதாக விற்ற கடைசி கார்புரேட்டர் வண்டி 1994 இசுசு பிக்கப் என்பார்கள். அதற்குப்பின் பட்டறைக்கு வந்த தலைமுறைக்கு பம்ப் என்றாலே கம்ப்யூட்டர் காட்டும் எண்தான். இன்னும் பழைய பிக்கப்புகளைத் தொடுகிற கைகள் சிலவற்றில் வேறொரு பழக்கம் இருக்கிறது. செத்துப்போனதாகக் கழற்றிய பம்ப்பைக் குப்பையில் போடுமுன் மேஜையில் வைப்பார்கள். நல்ல பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர், சுத்தமான பெட்ரோலில் முக்கிய ஒரு குட்டை ஹோஸ். சில சமயம் அது உடனே டிக் டிக் என்று தொடங்கி, மறுபக்கம் வைத்த பாட்டிலை நிரப்பிவிடுகிறது.