ஒரு பாட்டுக்கு 0.07 சென்ட்

அமெரிக்காவில் எஃப்எம் வானொலி ஒரு பாட்டைப் போட்டால், அதைப் பாடியவருக்கு ஒரு காசும் தரவேண்டியதில்லை. பாட்டை எழுதியவருக்கு உண்டு, மெட்டுப் போட்டவருக்கு உண்டு. பாடிய தொண்டைக்கும் கிதார் வாசித்த விரலுக்கும் கிடையாது. இன்றுவரை அங்கே இதுதான் சட்டம். "நாங்க போடுறதே உங்களுக்கு விளம்பரம்தானே, அதுக்கு மேல காசு வேறயா?" என்பது நிலைய முதலாளிகளின் வாதம். நாடாளுமன்றமும் இத்தனை வருஷமாக அதற்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறது.

விளம்பரம் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி தானாகவே வரும். அந்த விளம்பரத்தை யார் வாங்குவது? 1950களின் இறுதியில் ஆலன் ஃப்ரீட் போன்ற வானொலித் தொகுப்பாளர்கள் இசை நிறுவனங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்டது பெரிய ஊழல் வழக்காக வெடித்தது. 'பயோலா' என்ற சொல் பத்திரிகைகளில் அடிபட்டது. சட்டம் போட்டார்கள். ஆனால் பழக்கம் போகவில்லை, இடைத்தரகர் வழியாக நடந்தது. 2005இல் நியூயார்க்கின் அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் இதே புகாரில் சோனி பிஎம்ஜி நிறுவனத்தை 1 கோடி டாலர் கட்டவைத்தார். நடுவில் 1996இல் தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தி, ஒரே முதலாளி எத்தனை நிலையம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று நாடு தழுவிய உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். சில வருடங்களில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள். சொந்தக் காசில் சிடி போட்ட ஒரு பையன் அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பான்? கல்லூரி வானொலி ஒன்றுதான் மிச்சம். அதன் அலை பக்கத்து ஊரைத் தாண்டாது.

இதற்குப் பிறகு நடந்ததை 'இணையம் வந்தது, கதவு திறந்தது' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை. இணைய வானொலி, எம்பி3 வலைப்பதிவு, பாட்காஸ்ட் மூன்றும் சுயாதீன இசைக்காரர்களைத் தூக்கிவிட்டவைதான். ஆனால் மூன்றும் மூன்று விதமாகச் செய்தன. எந்த விதம் என்பதைப் பெரும்பாலும் பதிப்புரிமைச் சட்டத்தின் ஏதோ ஒரு துணைப்பிரிவுதான் முடிவுசெய்தது. ஆர்வமும் தொழில்நுட்பமும் அதற்கு அடுத்துத்தான் வந்தன.

முதலில் வந்தது 1993இல், கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில். அக்லி மக்ஸ் என்ற தங்கள் இசைக்குழுவை யாரும் கண்டுகொள்ளவில்லையே என்று ஜெஃப் பாட்டர்சனும் நண்பர் ராப் லார்டும் பாட்டுகளைக் கோப்புகளாக்கி இணையத்தில் ஏற்றினார்கள். அது 'இன்டர்நெட் அண்டர்கிரவுண்ட் மியூசிக் ஆர்க்கைவ்' ஆனது. எந்த இசைக்குழுவும் வந்து தன் பாட்டை வைக்கலாம். அடுத்த வருடம் நவம்பர் 7ஆம் தேதி, வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் இருக்கும் டபிள்யூஎக்ஸ்ஒய்சி என்ற மாணவர் வானொலி தன் ஒலிபரப்பை அப்படியே இணையத்தில் விட்டது. பக்கத்து ஊர் தாண்டாத அலை இப்போது எங்கே வேண்டுமானாலும் போகும்.

போகும் என்றதும் இசை நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. எஃப்எம்மில் விட்டதை இங்கே விடக்கூடாது. 1995லும் 1998லும் வந்த இரண்டு சட்டங்கள் டிஜிட்டல் ஒலிபரப்புக்கு மட்டும் பாடியவருக்கும் பதிவு உரிமையாளருக்கும் பணம் உண்டு என்றன. அதற்கு ஈடாக ஒரு வசதி: ஒவ்வொரு பாட்டுக்கும் போய் அனுமதி கேட்க வேண்டாம், சட்டமே எல்லாருக்கும் பொதுவாக ஓர் உரிமம் தரும். கூடவே வேடிக்கையான நிபந்தனைகள். மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேல் போடக்கூடாது. ஒரே கலைஞருக்கு நான்கு. அடுத்து என்ன பாட்டு வரும் என்று முன்கூட்டி அறிவிக்கக்கூடாது. பாட்டு ஓடும்போது அதன் பெயர், கலைஞர் பெயர், ஆல்பம் பெயர் மூன்றையும் எழுத்தில் காட்ட வேண்டும்.

கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்புக்காகப் போட்டது அது. ஆனால் யாரென்றே தெரியாத பாடகருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் பாட்டோடு பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயரெல்லாம் வரிசையாக வரும். அறிவிப்பாளர்கள் சொல்லிச் சொல்லி மனதில் ஏற்றியது. நம் தனியார் எஃப்எம் கேட்டு வளர்ந்த எனக்கு நடிகர் பெயர்தான் முதலில் வருகிறது. பெயர் சொல்வது மரியாதை மட்டும் இல்லை, கேட்டவன் நாளைக்குத் தேடிப்போக அதுதான் விலாசம்.

2000இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ரஸ்டி ஹாட்ஜ் தொடங்கிய சோமா எஃப்எம் இந்த உரிமத்தில் வளர்ந்த ஒன்று. விளம்பரம் கிடையாது. கேட்பவர்கள் தரும் நன்கொடைதான். 'குரூவ் சாலட்' என்ற அதன் மெல்லிசைத் தடத்தை நான் கண்டடைந்தது பல வருடம் கழித்து. அப்போது என் வீட்டு இணைப்பில் மாதத்துக்கு ஒரு ஜிபிதான். 128 கேபிபிஎஸ் வானொலி மணிக்கு 57 எம்பி தின்னும். 17 மணி நேரத்தில் மாதம் முடிந்துவிடும். இரவு இரண்டு மணியிலிருந்து எட்டு மணிவரை கணக்கில்லை என்பதால் அலாரம் வைத்து எழுந்து கேட்பேன். அங்கே பட்டப்பகல். ஜன்னலோரத்தில் பாடகர் பெயர்களை நோட்டில் எழுதிவைத்த அந்தப் பழக்கத்துக்குக் காரணமே 1998ஆம் வருடத்து ஒரு துணைப்பிரிவுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

பணம் எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்லவில்லை. ஒரு நடுவர் குழு உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும். 2002 பிப்ரவரியில் அது சொன்ன விலை: இணையத்தில் மட்டும் இயங்கும் நிலையம் ஒரு பாட்டுக்கு, ஒரு காதுக்கு 0.14 சென்ட். மே 1ஆம் தேதி நிறைய நிலையங்கள் ஒருநாள் மௌனமாகி எதிர்ப்புக் காட்டின. ஜூனில் காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் அதைப் பாதியாக்கி 0.07 சென்ட் என்று தீர்ப்பளித்தார். (பாட்டு விலையை நூலகர் ஏன் தீர்மானிக்கிறார் என்றால், அங்கே பதிப்புரிமை அலுவலகம் அவருக்குக் கீழேதான் வருகிறது.) அதுவும் 1998 அக்டோபரிலிருந்து பின்தேதியிட்டு.

0.07 சென்ட் என்றால் ஒன்றுமே இல்லைபோலத் தெரியும். போட்டுப் பாருங்கள். சராசரியாக எந்நேரமும் 500 பேர் கேட்கும் ஒரு சின்ன நிலையம். மணிக்கு 15 பாட்டு, நாள் முழுக்க, வருடம் முழுக்க. மொத்தம் 6 கோடியே 57 லட்சம் தடவை. ஏறத்தாழ 46,000 டாலர். நன்கொடையில் ஓடும் ஆள் எங்கே போவார்? அதிலும் விசித்திரம் ஒன்று உண்டு. எஃப்எம் கோபுரத்துக்குக் கீழே பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றுதான். இங்கே ஒவ்வொரு புதுக் காதும் ஒரு செலவு. பிரபலமானால் திவால். சோமா எஃப்எம் அந்த ஜூனிலேயே நின்றுபோனது. சின்ன நிலையங்களுக்கு வருமானத்தில் ஒரு பங்கு கட்டினால் போதும் என்று வழிவிடும் சட்டம் வந்தபிறகு, அந்த வருடம் முடிவதற்குள் திரும்பியது.

இந்தச் சண்டையை நல்ல வானொலிக்கும் கெட்ட நிறுவனங்களுக்கும் நடந்ததாகப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. வசூலாகும் பணத்தைப் பிரித்துக்கொடுக்கும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு 50 சதவீதத்தைப் பதிவு உரிமையாளருக்கும், 45 சதவீதத்தை முதன்மைக் கலைஞருக்கும், 5 சதவீதத்தைப் பக்க வாத்தியக்காரர்களுக்கும் தருகிறது. நிறுவனம் இல்லாமல் தானே பதிவு செய்தவருக்கு முதல் இரண்டும் சேர்ந்து 95. எஃப்எம் நூறு தடவை போட்டாலும் கிடைக்காத காசு இது. ஆக, அந்தப் பாடகர் எந்தப் பக்கம் நிற்பார்? விலை ஏறினால் அவருக்கு வரவேண்டியது கூடுகிறது. கூடினால் அவரைப் போடும் ஒரே நிலையம் மூடுகிறது. இரண்டு பக்கமும் அவர் பெயரைச் சொல்லித்தான் வாதாடினார்கள். அவரோ பல நேரம் அந்த அமைப்பில் பதிவுகூடச் செய்திருக்கவில்லை.

2007இல் மறுபடி விலை ஏறியது. 2010க்குள் 0.19 சென்ட் என்றார்கள். ஜூன் 26 மறுபடி மௌன நாள். மறுபடி சமரசம். அந்தச் சமரசம் காலாவதியானதும், ஆயிரக்கணக்கான தனிமனித வானொலிகளுக்கு இடம் கொடுத்திருந்த லைவ்365 தளம் 2016 ஜனவரி 31 அன்று மூடப்பட்டது. மறுவருடம் வேறு கையில் திறந்தது என்றாலும், நடுவில் கலைந்துபோனவர்கள் கலைந்தவர்களே.

பாட்காஸ்டின் கதை இதற்கு நேர்மாறு. 2001 வாக்கில் டேவ் வைனர் ஆர்எஸ்எஸ் ஓடையில் ஒலிக்கோப்பை இணைக்கும் வழியைச் செய்தார் (நம்மூரில் அந்த மூன்றெழுத்துக்கு வேறு அர்த்தம், இது அது இல்லை). முன்னாள் எம்டிவி தொகுப்பாளர் ஆடம் கரி 2004 ஆகஸ்டில் 'டெய்லி சோர்ஸ் கோட்' என்ற நிகழ்ச்சியை அதன் வழியே அனுப்பத் தொடங்கினார். ஒலிபரப்பு என்றால் சட்டத்தின் பொது உரிமம் உண்டு. பாட்காஸ்ட் கேட்பவரின் கணினியில் கோப்பாக இறங்குகிறது, அதாவது நகல். நகலுக்குப் பொது உரிமம் கிடையாது. ஒவ்வொரு பாட்டுக்கும் நிறுவனத்திடமும் பாட்டெழுதியவரிடமும் தனித்தனியாகப் போய் நிற்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் மெயிலுக்குப் பதில்கூடப் போடாது.

அதனால் என்ன ஆனது? பாட்டுப் போட ஆசைப்பட்டவர்கள் வேறு வழியில்லாமல் நிறுவனம் இல்லாதவர்களைத் தேடிப்போனார்கள். "உங்க பாட்ட எங்க நிகழ்ச்சில போடலாமா?" "தாராளமா போடுங்க." முடிந்தது உரிமம். இப்படிப் போடத் தகுந்த பாட்டுக்குப் 'பாட்சேஃப்' என்று பெயரே வந்தது. 2005இல் கரியின் நிறுவனம் அவற்றுக்கென்று ஒரு பொதுக் களஞ்சியத்தைத் திறந்தது. அந்தச் செப்டம்பரில்தான் ஜோனதன் கோல்டன் என்ற மென்பொருள்காரர் வேலையை விட்டுவிட்டு வாரம் ஒரு பாட்டு என்று ஒரு வருடம் எழுதிப் பதிவுசெய்து, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக விட ஆரம்பித்தார். பாட்காஸ்ட்கள் அவரை வீடுவீடாகக் கொண்டுபோயின. 2007 மார்ச் 22 அன்று பாட்காஸ்டர்கள் சேர்ந்து, முன்பு பெரிய நிறுவனங்கள் கைவிட்டிருந்த பிளாக் லேப் குழுவின் ஒரு பாட்டை எல்லாரும் ஐடியூன்ஸில் அதே நாளில் வாங்குவோம் என்று அழைப்பு விட்டார்கள். பட்டியலில் ஏறியது. உச்சிக்குப் போகவில்லை. எனக்கென்னவோ அந்த விளையாட்டில் பெரிய ஆர்வமில்லை, நிறுவனங்களின் பட்டியலையே அதுவும் அளவுகோலாக எடுத்துக்கொண்டது.

மூன்றாவது, எம்பி3 வலைப்பதிவு. இதற்கு உரிமமும் கிடையாது, அனுமதியும் பெரும்பாலும் கிடையாது. நியூயார்க்கில் மாத்யூ பெர்பெச்சுவா 2002இல் தொடங்கிய ஃப்ளக்ஸ்பிளாக்தான் முன்னோடி. மாண்ட்ரியலில் ஷான் மைக்கேல்ஸின் 'செட் த கிராமஃபோன்', 2003. ஒரு பாட்டு, அதைப் பற்றி இரண்டு பத்தி, கீழே இறக்கிக்கொள்ளச் சுட்டி. 'சில நாளில் எடுத்துவிடுவோம், பிடித்தால் சிடி வாங்குங்கள், உரிமையாளர் சொன்னால் உடனே நீக்குகிறோம்' என்ற குறிப்பு. இலக்கியச் சிற்றிதழ் படித்தவர்களுக்கு இந்த மனநிலை புரியும். மைக்கேல்ஸ் பின்னாளில் நாவலுக்காகக் கனடாவின் கில்லர் பரிசு வாங்கினார் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. அந்த இரண்டு பத்திகள் அவ்வளவு நன்றாக இருக்கும்.

தமிழ்ப் பெயர் ஒன்று உலகம் முழுக்கப் போனதும் இந்தக் காலத்தில்தான். லண்டனில் வாழ்ந்த ஈழத்துப் பெண் மாயா அருள்பிரகாசம், எம்ஐஏ என்ற பெயரில் செய்த 'கலாங்' பாட்டை 2003இல் ஒரு சின்ன நிறுவனம் 500 இசைத்தட்டுகளாக மட்டுமே போட்டது. 500 தட்டு எங்கே போதும்? கோப்பாக மாறி இணையத்தில் கைமாறிக் கைமாறிப் பரவியது. முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே, அனுமதி வாங்காத ஒலித்துண்டுகளால் நிரம்பியதால் முறைப்படி கடையில் விற்கவே முடியாத ஒரு கலவைத் தொகுப்பு 2004 இறுதியில் வலைப்பதிவுகளில் சுற்றியது. தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாகக்கொண்ட 'அருளர்' 2005 மார்ச்சில் வந்தபோது, அவர் புதியவரே இல்லை.

அதே வருடம் கிளாப் யுவர் ஹேண்ட்ஸ் சே யா என்ற புரூக்ளின் குழு, நிறுவனமே இல்லாமல் போட்ட சிடியை வலைப்பதிவுகளும் பிட்ச்ஃபோர்க் தளத்தின் 9.0 மதிப்பெண்ணும் தூக்கிவிட, கைவசமிருந்தது தீர்ந்து மறுபடி அச்சடித்தது. ஆண்டனி வொலோட்கின் தொடங்கிய ஹைப் மெஷின் எல்லா வலைப்பதிவுகளையும் ஒரே பக்கத்தில் திரட்டியதும் 2005தான். நல்ல வசதி. ஆனால் சரிவும் அங்கிருந்துதான் என்பது என் எண்ணம். தனித்தனி ஆள்களின் ரசனை ஒரு பட்டியலாக மாறியதும், பட்டியலுக்காகப் பதிவெழுதும் ஆள்கள் வந்தார்கள். விளம்பரத் தொடர்பாளர்கள் பாட்டை அவர்களே அனுப்பத் தொடங்கினார்கள். 2010 பிப்ரவரியில் கூகுளின் பிளாகர் சில இசை வலைப்பதிவுகளைப் பதிப்புரிமைப் புகாரின் பேரில் ஒட்டுமொத்தமாக அழித்தது. வருடக்கணக்கான எழுத்து போனது. 'எங்களுக்குப் பாட்டை அனுப்பி, போடச் சொன்னதே நிறுவனத்துக்காரர்கள்தானே' என்றார்கள் சில பதிவர்கள். விளம்பரப் பிரிவு கொடுத்ததைச் சட்டப் பிரிவு பிடுங்கியது.

பிறகு வந்தவை நீங்கள் இப்போது பார்ப்பவை. 2008இல் பேண்ட்கேம்ப், அதே வருடம் ஸ்பாட்டிஃபை. 2020 நவம்பரில் ஸ்பாட்டிஃபை ஒரு திட்டத்தை அறிவித்தது: உங்கள் பாட்டைக் கணிப்பொறி கூடுதலாகப் பரிந்துரைக்க வேண்டுமா, உரிமத்தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆலன் ஃப்ரீடுக்கு உறையில் வைத்துக் கொடுத்தார்கள், இங்கே வரவேண்டியதில் பிடித்துக்கொள்கிறார்கள். 2024 தொடக்கத்திலிருந்து, முந்தைய 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பதிவுத்தொகையே கிடையாது.

அந்தச் சின்ன நிலையத்தின் 500 பேரிடம் ஒரு பாட்டை இரண்டு தடவை போட்டால் ஆயிரம் கணக்கு. 2002 விலையில் 70 சென்ட். சோமா எஃப்எம் இன்னும் ஓடுகிறது, இன்னும் நன்கொடையில்தான்.