டி.எம்.எஸ். பெயரில் உள்ள 'டி' யாருடையது?



வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளில் சிலர் குழந்தை பிறந்ததும் எனக்குப் போன் செய்து கேட்கும் கேள்வி இது: "சார், பாஸ்போர்ட் பாரத்தில் சர்நேம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என்ன போடுவது? நமக்குத்தான் அப்படி ஒன்று கிடையாதே?" அதில் அப்பா பெயரைப் போடுகிறார்கள். அதனால் அங்குள்ள அலுவலகத்தில் மகனை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் "நமக்குக் கிடையாது" என்பது முழு உண்மை இல்லை. நம் மதுரையிலேயே தலைமுறை தலைமுறையாகக் குடும்பப் பெயர் வைத்திருக்கும் மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் குரலைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் இல்லை. டி.எம். சௌந்தரராஜன்தான் அவர்.

அவருடைய முழுப்பெயர் தொகுளுவா மீனாட்சி அய்யங்கார் சௌந்தரராஜன். 1922 மார்ச் 24 அன்று மதுரையில் பிறந்தவர். 1950இல் வெளிவந்த 'கிருஷ்ண விஜயம்' படத்தில் தொடங்கி, சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் குரலாகவே இருந்து, 2013 மே 25 அன்று மறைந்தார். மீனாட்சி அய்யங்கார் என்பது தந்தை பெயர். 'தொகுளுவா' என்பது ஊரும் அல்ல, தாத்தா பெயரும் அல்ல. அது குடும்பப் பெயர். அந்த வீட்டில் பிறந்த எல்லோருக்கும் பொதுவான பெயர்.

மதுரையின் இன்னொரு பெரிய குரலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி. 'எம்' என்பது மதுரை. 'எஸ்' என்பது அவருடைய தாயார், வீணைக் கலைஞர் சண்முகவடிவு. உ.வே. சாமிநாதையர் பெயரில் 'உ' உத்தமதானபுரம் என்ற ஊர், 'வே' தந்தை வேங்கடசுப்பையர். அப்துல் கலாம் அவர்களின் பெயரில் ஆவுல் என்பது கொள்ளுத்தாத்தா, பக்கீர் என்பது தாத்தா, ஜைனுலாப்தீன் என்பது தந்தை. நால்வரும் இனிஷியல்தான் போட்டார்கள். ஆனால் அந்த எழுத்துகளுக்குள் ஊர், தாய், தந்தை, தாத்தா, குடும்பம் என்று வேறு வேறு உறவுகள் இருக்கின்றன.

ஊரையும் தந்தையையும் முன்னால் வைப்பது நமக்குப் புதிதல்ல. சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். முதலாமவருக்கு ஊரும் தந்தையும். இரண்டாமவருக்கு ஊரும் தொழிலும் (அறுவை என்றால் துணி). நம்ம அலங்காநல்லூர் வாடிவாசலில் மைக்கில் காளையை அவிழ்க்கும்போதும் இதே முறைதான்: முதலில் ஊர்ப்பெயர், பிறகு மாட்டுக்காரர் பெயர், கடைசியில்தான் மாடு. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் விட்டுப் போகவில்லை.

சரி, சௌராஷ்டிர மக்களுக்கு மட்டும் குடும்பப் பெயர் எப்படி வந்தது? அதற்கு அவர்கள் நடந்து வந்த பாதையைப் பார்க்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தென் குஜராத்தின் லாட நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த பட்டு நெசவாளர் சங்கம் கி.பி. 437இல் அங்கே ஒரு சூரியன் கோயில் கட்டியதையும், 473இல் அதைப் புதுப்பித்ததையும் அது சொல்கிறது. சௌராஷ்டிரர் வரலாறு எழுதியவர்கள் அந்த நெசவாளரைத் தங்கள் முன்னோரோடு சேர்த்துப் பேசுவார்கள். பிறகு தெற்கே வந்து, விஜயநகரப் பேரரசின் தெலுங்கு வழங்கும் நிலத்தில் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் குடியேறினார்கள். இந்த ஊர் அவர்களைப் 'பட்டுநூல்காரர்' என்று அழைத்தது. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடிச் சேலை அவர்கள் கைவண்ணம்தான்.

குஜராத்தில் இன்று குடும்பப் பெயர் கடைசியில் வரும்: மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. தெலுங்கில் வீட்டுப் பெயர் முதலில் வரும்: சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். மதுரைச் சௌராஷ்டிரர் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் நிற்கிறது, அடுத்துத் தந்தை பெயர், கடைசியில் தன் பெயர். வடக்கே புறப்பட்டு, தெலுங்கு நாட்டில் தங்கி, தமிழ்நாட்டில் வேர் விட்ட பயணம் பெயரின் அமைப்பிலேயே பதிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் பேச்சு வடநாட்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் தெலுங்குச் சொற்களும் தமிழ்ச் சொற்களும் நிறையக் கலந்திருப்பதற்கும் அந்தப் பயணமே காரணம்.

அந்தப் பெயருக்கு அகராதியில் பொருள் தேடுவதைவிட, அது செய்த வேலையைப் பார்ப்பது நல்லது. கோத்திரம் என்பது பெரிய வட்டம், குடும்பப் பெயர் அதற்குள் இருக்கும் சிறிய வட்டம். யார் பங்காளி, யார் சம்பந்தி ஆகலாம் என்பதை அந்தப் பெயர் சொல்லிவிடும். சொந்த ஊரை விட்டு வந்த ஒரு கூட்டத்துக்குத் தன்னைக் காட்ட நிலம் கிடையாது, ஊர்ப்பெயர் கிடையாது. பழைய ஊரை முன்னால் போட்டால் இங்கே யாருக்குத் தெரியும்? அதனால் குடும்பமே அவர்களுக்கு ஊராகிவிட்டது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். மீனாட்சி அய்யங்கார் என்பதைப் பார்த்து டி.எம்.எஸ். தமிழ் வைணவ அய்யங்கார் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. ராணி மங்கம்மாள் ஆட்சியில் சௌராஷ்டிரர் பூணூல் சடங்கு செய்யலாமா என்ற வழக்கு எழுந்தது. ராணி பண்டிதர்களைக் கூட்டி விசாரித்து, செய்யலாம் என்று ஓலை கொடுத்தார். அய்யர், அய்யங்கார், ராவ், பாகவதர் போன்ற பட்டங்களும் அவர்களிடையே வழங்கின. பட்டம் வேறு, குடும்பப் பெயர் வேறு.

இந்த வேறுபாடு முக்கியம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடி, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. தலைமை வகித்தவர் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன். சென்னைப் பாண்டி பஜார் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தத் தீர்மானம் நமக்குச் செய்த நன்மை பெரிது. வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கும்போது, எந்தப் பிள்ளையின் சாதியும் என் வாயிலிருந்து வர வேண்டிய அவசியம் இருந்ததில்லை. வடமாநில ஆசிரியர்கள் பலருக்கு அந்த நிம்மதி கிடையாது. ஆகவே எல்லோரும் சர்நேம் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. பட்டம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

என் கவலை அந்த ஒற்றை எழுத்தைப் பற்றியது. தொகுளுவா என்பது ஆங்கிலத்துக்குப் போய் ஒரு எழுத்தாகி, அந்த எழுத்து தமிழுக்குத் திரும்பியபோது 'டி' ஆகிவிட்டது. 'தொ' போனது, சுருக்கம் நின்றது, பெயர் மறைந்தது. சினிமா டைட்டிலில் ஆயிரம் முறை 'டி.எம்.' என்று படித்த நம்மில் எத்தனை பேர் அந்த 'டி' என்னவென்று கேட்டோம்? 2023 ஆகஸ்டில் முனிச்சாலையில் அவருக்குச் சிலை திறந்தார்கள். அந்த வழியாகப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று.

2021 டிசம்பரில் தமிழக அரசு முதலெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால் 'டி' என்பதைத் தமிழில் எழுத, அது 'த'வா, 'தி'யா, 'தொ'வா என்று தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் சேர்க்க வரும்போது, இரண்டு இனிஷியல் உள்ள பிள்ளையிடம் முதல் எழுத்துக்கு விரிவு கேட்டால் அப்பா முகத்தைப் பார்க்கும். அப்பா தாத்தாவைக் கேட்கணும் என்பார். தாத்தா இருந்தால் சரி. இல்லாவிட்டால் அந்த எழுத்துக்குப் பின்னால் இருந்த ஊரோ ஆளோ குடும்பமோ அன்றோடு முடிந்தது.

சௌராஷ்டிர மொழிக்குத் தனி எழுத்து உண்டு. 2008இல் யூனிகோடிலும் அது இடம் பெற்றுவிட்டது. ஆனால் வீட்டில் பேசுகிறவர்களே பெரும்பாலும் அதில் எழுதுவதில்லை, தமிழில்தான் எழுதுகிறார்கள். அப்படியிருக்க, அவர்கள் குடும்பப் பெயர்கள் இன்னும் பிழைத்திருப்பது கல்யாணப் பேச்சிலும் பத்திரிகையிலும்தான். நமக்கோ அந்தப் பிடிமானமும் இல்லை.

அதனால் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன், மதிப்பெண் கிடையாது. உங்கள் பெயரை இனிஷியல் இல்லாமல் முழுதாக ஒரு தாளில் எழுதுங்கள். அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் தெரிந்த பெயர்களையும் ஊர்களையும் அதன் கீழே எழுதுங்கள். தெரியாததை வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள், பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கேட்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். பாஸ்போர்ட் கட்டத்தில் எதைப் போட்டாலும் சரி, பேரப்பிள்ளை ஒருநாள் "இந்த எழுத்து என்ன?" என்று கேட்டால், சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்கட்டும்.