பட்டாவும் உப்பும்



சூழலியல் பெண்ணியம் என்ற சொல்லை 1974இல் பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவாஸ் தோபோன் முன்வைத்தார். அதே ஆண்டு இமயமலையின் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் அவ்வூர்ப் பெண்களும் மரம் வெட்ட வந்தவர்களை வழிமறித்தார்கள். சிப்கோவைச் சொல்லாமல் சூழலியல் வகுப்பு எடுப்பவர் இன்று அரிது. பெண் இயற்கைக்கு நெருக்கமானவள் என்பதும் அங்கேயே நமக்குப் பாடமாகிவிடுகிறது. எந்தப் பெண், யாருடைய நிலத்தில் என்று நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த உறவை நிலமும் உழைப்பும் சொத்துமே தீர்மானிக்கின்றன என்று பீனா அகர்வால் 1992இல் எழுதினார். அதை விளங்கிக்கொள்ள நமக்குக் கீழத்தஞ்சை போதும்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வும் சங்கக் கொடியுமே அவர்கள் செய்த குற்றம். நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களையெடுத்து, கதிர் அறுத்த நம் பெண்களைவிட அந்த மண்ணை நெருங்கி அறிந்தவர் யார்? அந்த நெருக்கம் அவர்களுக்கு ஒரு குழி நிலத்தைக்கூடத் தந்ததில்லை.

வெண்மணிக்குப் பிறகு அந்தப் பகுதிக்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள், தலித் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் ஜெகந்நாதனோடு சேர்ந்து 1981இல் லாப்டி இயக்கத்தைத் தொடங்கினார். மிராசுதாரர்களிடம் பேசி விலைக்கு வாங்கிய நிலத்தை நிலமற்ற குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பத்திரம் பெண்ணின் பெயரில் பதிவானது. அவர்களுடைய சர்வோதய வழியோடு நமக்கு முரண்பாடு உண்டு. அதை இன்னொரு மேடையில் பேசலாம். ஆனால் சூழலியல் பெண்ணியத்தின் தமிழ்நாட்டு வரலாற்றை எழுதுகிறவர் இந்தப் பத்திரங்களைத் தாண்டிப் போக முடியாது.

1990களில் இறால் பண்ணைகள் வந்தன. நாகை கடலோரத்தில் நெல் விளைந்த வயல்களைக் குட்டையாக வெட்டி, கடல்நீரை மோட்டார் வைத்து இறைத்து நிரப்பினார்கள். உப்பு மண்ணுக்குள் இறங்கியது. குடிநீர்க் கிணறு கரித்தது. கழிவுநீர் வாய்க்காலில் கலந்தது. பக்கத்து வயல்காரி பத்திரம் வைத்திருந்தாலும் வரப்பு உப்பைத் தடுக்காது. நடவுக்கும் அறுப்புக்கும் ஊரே இறங்கிய இடத்தில் குட்டைக்குக் காவலாள் இரண்டு பேர் போதும். வேலை போனது பெண்களுக்கு. குடத்தோடு தூரம் நடந்ததும் அவர்கள்தான். வரப்பில் பறித்த கீரையும் வாய்க்காலில் பிடித்த நண்டும் கூலிக் கணக்கில் எழுதப்படாத சோறு. அந்த இழப்பு எந்த நட்டஈட்டிலும் சேரவில்லை.

ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்றச் சொன்னது. பண்ணைகளால் வரும் வருமானத்தைவிடச் சூழலுக்கு நேரும் சேதம் அதிகம் என்ற ஆய்வும் அந்த நீதிமன்றத்தின் முன் இருந்தது. அடுத்த ஆண்டே தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பண்ணைகளுக்கு வழி திறந்துவிட்டது. மண்டல விதியின் தடை அவற்றைக் கட்டுப்படுத்தாது என்று அந்தச் சட்டமே சொன்னது.

வழக்கின் தலைப்பில் ஜெகந்நாதன் பெயர் இருக்கிறது. பண்ணைகளை எதிர்த்து மறியலில் உட்கார்ந்த கூலிப் பெண்களின் பெயர்கள் எங்கும் தொகுக்கப்படவில்லை. அவர்களில் பலர் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள், வயதாகிவிட்டது. மாணவர்கள் இந்தக் கோடை விடுமுறையிலேயே ஒலிப்பதிவோடு அங்கே போக வேண்டும்.