முன்னே சென்றவளுக்கு ஒரு கடிதம்

வைத்தியக் கல்லூரியில் இடம் நாடும் மாணவர், விண்ணப்பத்தாளைத் தொடுமுன், அங்கே படித்துக்கொண்டிருக்கும் சிநேகிதரைத் தேடிப் போய் யோசனை கேட்பது இன்று எங்கும் காணும் வழக்கம். ஆனால் சர்வகலாசாலைகள் ஸ்திரீகளுக்குக் கதவடைத்திருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டனில், பின்னே வருபவளுக்கு முன்னே சென்றவளின் சொல்லைத் தவிர வேறு ஆதாரமே இல்லை.

1849-இல் அமெரிக்காவில் வைத்தியப் பட்டம் பெற்ற எலிசபெத் பிளாக்வெல், 1859-இல் லண்டனில் நிகழ்த்திய பிரசங்கங்களைக் கேட்டவர்களுள் எலிசபெத் காரெட் ஒருவர். அவர் 1862-இல் எடின்பரோவில் இடம் கேட்டுத் தோற்றபோது உடன் நின்று உதவியவர் ஸோபியா ஜெக்ஸ்-பிளேக். மூன்றாண்டுகளுக்குப் பின் மருந்தாளர் சங்கத்தின் வழியாகக் காரெட் வைத்தியம் செய்யும் உரிமம் பெற்றார். உடனே சங்கம் விதியை மாற்றி அந்த வழியையும் அடைத்துவிட்டது.

1869 மார்ச்சில் ஜெக்ஸ்-பிளேக் எடின்பரோ சர்வகலாசாலைக்கு விண்ணப்பித்தார். ஒரே ஒரு பெண்ணுக்காகத் தனி ஏற்பாடு செய்ய இயலாது என்று நிர்வாகம் மறுத்தது. அந்த மறுப்பிலேயே மார்க்கம் இருப்பதை உணர்ந்த அவர், துணை வேண்டுமென்று பத்திரிகையில் அறிவித்தார். அதைக் கண்டு எழுதியவர் ஈடித் பீச்சி என்னும் இளம் ஆசிரியை. நடுத்தரமான திறமையும், விடாமுயற்சியும், படிப்பில் உண்மையான பிரியமும் தமக்கு உண்டு. ஆனால் பாடங்களில் ஆழ்ந்த ஞானம் இல்லை. வெற்றிக்கு இவை போதுமா என்று அவர் கேட்டிருந்தார். இன்றும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் தன் அக்காவின் தோழியிடம் கேட்பது இதே கேள்வியைத்தான்! யோசனை சொல்ல வேண்டியவரோ தாமே இன்னும் வாயிலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது, அவர் பீச்சியை அழைத்துச் சேர்த்துக்கொண்ட துணிவு எனக்குப் பெரிதாகவே படுகிறது.

புக்ளூ பிளேஸ் தெருவின் 15-ஆம் எண் வீடு, இவ்வாறு ஒன்றுசேர்ந்து பிரவேசம் நாடிய பெண்களின் இருப்பிடமாயிற்று. ஆங்கிலம், லத்தீன், கணிதம் மூன்றும் கட்டாயமாயிருந்த அக்டோபர் மாதப் பிரவேசப் பரீக்ஷையை எழுதிய 152 பேரில் ஐவர் பெண்கள். அவர்களுள் நால்வர் முதல் ஏழு இடங்களுக்குள் வந்தார்கள். மறு ஆண்டு ரசாயனத்தில், அவ்வகுப்பில் புதிதாகச் சேர்ந்தோருள் முதலிடம் பெற்றவர், தம்மை நடுத்தரம் என்று எழுதிய அதே பீச்சி. ஆயினும் அதற்குரிய உபகாரச் சம்பளம் அவருக்கு மறுக்கப்பட்டு, அவருக்குப் பின்னிருந்த ஆண் மாணவருக்குப் போயிற்று. இது பச்சை அநியாயம்.

1870 நவம்பர் 18-ஆம் தேதி, உடற்கூறு பரீக்ஷைக்குச் சென்ற அப்பெண்கள்மீது ஒரு கூட்டம் சேற்றை வாரி இறைத்தது. 1873-இல் நீதிமன்றமும் அவர்களைச் சேர்த்ததே தவறென்று தீர்ப்பளித்தது. பீச்சி பெர்ன் நகருக்குப் போய் 1877-இல் பட்டம் பெற்றார். ஜெக்ஸ்-பிளேக் 1874-இல் லண்டனில் பெண்களுக்கென ஒரு வைத்தியப் பள்ளியை முன்னின்று நிறுவியிருந்தார்.

1883-இல் பீச்சி காமா மருத்துவமனைப் பொறுப்பேற்கப் பம்பாய்க்கு வந்தார். அதே ஆண்டு, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லிப், அந்த லண்டன் பள்ளியில் மேற்படிப்பை முடித்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பினார்; 1885-இல் அவர் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவமனைதான் இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி.